கேட்டுத் தெரிந்துகொள்வதைத் தடுக்காதீர்கள்: எங்கள் கம்பெனி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாக இயக்குநர் ஐயா அவர்களுக்கும், கணினிப் பிரிவுப் பொறுப்பாளர் அவர்களுக்கும்,

போன மாதம் 18ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை வந்தது. கணினி நிரல் எழுதுகிறவர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் கேள்வி-பதில் தளங்களும், மின்னஞ்சலில் பேசிக்கொள்ளும் மடலாடற்குழுக்களும் அன்று மாலையிலிருந்து அலுவலகக் கணினிகளில் திறக்காது என்றீர்கள். வெளியாட்களிடம் நிரல் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது, அங்கிருந்து ஒரு வரி எடுத்துப் பயன்படுத்தினாலும் ஒழுங்கு நடவடிக்கை உண்டு என்றீர்கள். சந்தேகம் வந்தால் கணினிப் பிரிவுக்கு டிக்கெட் (எழுத்தில் உதவிக் கோரிக்கை) போட வேண்டும், அல்லது கம்பெனி சந்தா கட்டியிருக்கும் ஏஐ செயலியைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த உத்தரவை மறுபடி பரிசீலிக்கச் சொல்லி இரண்டு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டுக்கும் பதில் வரவில்லை. திருப்பூரில் வேறு கம்பெனிகளிலும் இதே மாதிரி உத்தரவு வந்திருப்பதாகத் தோழிகள் சொல்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் கம்பெனி பெயரைப் போடாமல் இதைப் பொதுவில் எழுதுகிறேன். எழுதியது யார் என்று உங்கள் இருவருக்கும் தெரியும், நான் ஒளியவில்லை.

நான் பி.காம். படித்தவள். கம்ப்யூட்டர் படிப்பு படிக்கவில்லை. சம்பளப் பிரிவில் சேர்ந்தபோது 640 பேருடைய கணக்கும் எக்செல்லில்தான் ஓடிக்கொண்டிருந்தது. வருகைப் பதிவு மிஷினிலிருந்து ஒரு பட்டியல் வரும். தையல் லைனிலிருந்து, யார் எத்தனை பீஸ் தைத்தார்கள் என்ற கணக்கு ஒரு நோட்டில் வரும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. விவரம் மூன்றாவது ஒரு ஃபைலில் இருக்கும். இந்த மூன்றையும் கையால் பொருத்தி, 7ஆம் தேதிக்குள் சம்பளம் போட்டு, 15ஆம் தேதிக்குள் பி.எஃப். கட்டி முடிப்பதற்குள் மூன்று பேர் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்திருப்போம். இன்று அந்த வேலையை, பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதிய ஏழு சின்ன ஸ்கிரிப்ட்கள் செய்கின்றன. நாங்கள் சாயங்காலம் ஆறரை மணி பஸ்ஸுக்குப் போய்விடுகிறோம். அந்த ஏழில் ஒன்றைக்கூட நான் தனியாக எழுதி முடிக்கவில்லை. ஒவ்வொன்றிலும் முகம் தெரியாத நாலைந்து பேருடைய அறிவு இருக்கிறது. ஸ்கிரிப்டின் தலையிலேயே குறிப்பு வரிகளில் அவர்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன், பதில் எங்கே கிடைத்தது என்ற முகவரியும் போட்டிருக்கிறேன். இப்போது அந்த முகவரிகளை அழுத்தினால் உங்கள் சிவப்புத் தடைப் பக்கம்தான் வருகிறது.

எந்த மாதிரி விஷயத்துக்கு உதவி கேட்கிறோம் என்று உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

ஸ்கிரிப்ட் வைத்துச் சம்பளம் போடத் தொடங்கிய இரண்டாவது மாதம். பவர் டேபிளில் தைக்கும் அக்கா ஒருவர் ரசீதைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தார். "ஏங் கண்ணு, எனக்கு மட்டும் ஒரு ரூவா கொறையுது?" என்று கேட்டார். அவர் அந்த மாதம் தைத்தது 4,981 பீஸ். பீஸுக்கு 2 ரூபாய் 50 பைசா. கணக்குப் போட்டால் 12,452 ரூபாய் 50 பைசா. நம் வழக்கப்படி அரை ரூபாய் வந்தால் மேலே ஏற்றிவிடுவோம், 12,453 வர வேண்டும். ரசீதில் 12,452 இருந்தது. பக்கத்து மிஷின்காரர் 4,983 பீஸ் தைத்திருந்தார். அவருக்கு 12,457 ரூபாய் 50 பைசா, ரசீதில் ஒழுங்காக 12,458 வந்திருந்தது. ஒரே ஸ்கிரிப்ட், ஒரே விதி. ஒருவருக்கு ஏறுகிறது, இன்னொருவருக்கு இறங்குகிறது. பீஸ் எண்ணிக்கையைத் திரும்ப எண்ணினேன். ரேட்டைச் சரிபார்த்தேன். எக்செல்லில் போட்டால் இரண்டும் சரியாக வந்தது. மூன்று மணி நேரம் போய்விட்டது. அந்த அக்கா மதியச் சாப்பாட்டு நேரத்தில் மறுபடி வந்து நின்றார். ஒரு ரூபாய்க்காக அவர் வரவில்லை. கணக்கு தப்பாக இருக்குமோ என்ற பயத்தில் வந்தார். அப்படிப் பயப்பட அவருக்கு உரிமை உண்டு.

அன்று நான் கேட்ட கேள்வி இரண்டே வரி. "பைத்தானில் 2.5ஐ முழு எண்ணாக்கினால் 2 வருகிறது, 3.5ஐ ஆக்கினால் 4 வருகிறது, ஏன்?" என் ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் இருந்தது. இருபது நிமிடத்தில் பதில் வந்தது. பைத்தான் 3இல் சரிபாதி வந்தால் பக்கத்தில் உள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். ஆயிரக்கணக்கான எண்களைக் கூட்டும்போது எல்லாப் பாதியும் மேலேயே ஏறி மொத்தம் வீங்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி அது. எக்செல் அப்படிச் செய்யாது, பாதி என்றால் மேலேதான். பதிலுக்குக் கீழே இன்னொருவர் நான் கேட்காத ஒன்றையும் எழுதியிருந்தார்: "இது பணம் என்றால் தசமப் பின்னங்களைச் சாதாரண மிதவை எண்ணாக (கணினி தோராயமாக வைத்துக்கொள்ளும் வகை) வைக்காதே. டெசிமல் என்று ஒரு தனி வகை இருக்கிறது, அதில் ரவுண்டிங் விதியை நீயே சொல்லலாம். இல்லாவிட்டால் எல்லாவற்றையும் பைசாவாக வைத்துக்கொள்." நான் எழுதியதில் பணம் என்ற வார்த்தையே இல்லை. ஒரு பாதியைப் பார்த்தே அவர் ஊகித்திருக்கிறார்.

அன்றைக்கே ஸ்கிரிப்டைத் திருத்தினேன். முந்தைய மாதத்தையும் சேர்த்து ஓட்டிப் பார்த்ததில் 37 பேருக்கு ஒரு ரூபாய் குறைந்திருந்தது. அடுத்த சம்பளத்தில் சேர்த்துக் கொடுத்தோம். அந்தச் செலவுச் சீட்டில் கையெழுத்துப் போட்டது நீங்கள்தான், ஐயா.

இன்னொன்று தமிழ் சம்பந்தப்பட்டது. ரசீதைத் தமிழில் கொடுக்க வேண்டும் என்று முடிவெடுத்தீர்கள். நல்ல முடிவு, தொழிலாளிகள் இன்றும் அதைச் சொல்லிச் சந்தோஷப்படுகிறார்கள். ஆனால் பணியாளர் பிரிவின் பதிவேட்டில் இருந்த பெயர்களையும் வருகைப் பட்டியலில் இருந்த பெயர்களையும் பொருத்தியபோது 58 பெயர் பொருந்தவில்லை. திரையில் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத்தான் இருந்தன. இங்கேயும் கோமதி, அங்கேயும் கோமதி. கம்ப்யூட்டர் மட்டும் இருவரும் வேறு வேறு ஆள் என்றது.

பெயரின் நீளத்தை எண்ணச் சொன்னேன். ஒரு கோமதி 5, இன்னொரு கோமதி 6. அப்போதும் புரியவில்லை. இதைத் தமிழ்க் குழு ஒன்றில் கேட்டேன். பழைய நூலகப் பட்டியல்களை எண்மமாக்கும் வேலை பார்க்கும் இலங்கை அண்ணா ஒருவர் பதில் எழுதினார். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் முறையான யூனிகோடில் ஓகாரக் குறிக்கு ஒரே எண் இருக்கிறது. அதையே இரட்டைக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு எண்களாகவும் வைக்க முடியும். இரண்டும் திரையில் ஒன்றுபோலத் தெரியும், உள்ளே வேறு. ஒரு பட்டியலை ஒரு மென்பொருளிலும் இன்னொன்றை வேறொன்றிலும் தட்டியிருப்பீர்கள் என்றார். அப்படித்தான் நடந்திருந்தது. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர பைத்தானிலேயே வசதி உண்டு, ஒரே வரி. போட்டேன். 58இல் 43 பொருந்திவிட்டது.

மிச்சம் 15. அதில் கௌசல்யா, கௌதம், சௌந்தரம் என்று ஔகாரப் பெயர்கள்தான் அதிகம். அண்ணா அதற்கும் விளக்கம் சொன்னார். நம்மில் பலர் ஔகாரத்தைக் கொம்பும் ளகரமுமாகத் தட்டிவிடுகிறோம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் உள்ளே இருப்பது உண்மையான ள. ஓகாரத்துக்குப் போட்ட அந்த ஒரு வரி இதைத் திருத்தாது. அப்புறம் அவர் ஒரு எச்சரிக்கையும் கொடுத்தார். கொம்பும் ளவும் சேர்ந்து வருகிற இடத்தையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஔகாரமாக மாற்றிவிடாதீர்கள் தங்கச்சி, "வெள்ளி", "தெளிவு" எல்லாம் கெட்டுப்போகும், ளவுக்குப் பின்னால் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் தொடாதீர்கள், மற்றதையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டு மாற்றுங்கள் என்றார். கோயம்புத்தூர்ப் பக்கம் வெள்ளியங்கிரி என்ற பெயர் எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்குத் தெரியும். நம் கம்பெனியிலேயே 11 பேர் இருக்கிறார்கள். இந்த 11 பேரைப் பற்றிப் பின்னால் மறுபடி எழுதுகிறேன்.

இவை பெரிய மென்பொருள் பிரச்சினைகள் இல்லை. எக்செல்லில் சேமித்த ஃபைலின் தலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டிக்கொண்டு, முதல் தொழிலாளியின் 12 இலக்க பி.எஃப். எண்ணின் நீளம் 13 என்று காட்டும். 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எக்செல்லில் எண்ணாகத் தட்டினால் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும், அது 15 இலக்கத்துக்கு மேல் நினைவில் வைக்காது. விண்டோஸில் செய்த பட்டியலில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒரு கூடுதல் எழுத்து ஒளிந்திருக்கும். ஃபைல் பெயரில் ஒரு இடைவெளி இருந்ததால் ஸ்கிரிப்ட் அதை இரண்டு ஃபைலாக எடுத்துக்கொண்டு இரண்டையும் காணோம் என்று சொன்ன நாளும் உண்டு. எந்தப் பாடப் புத்தகத்திலும் இதெல்லாம் ஒரே இடத்தில் இருக்காது. ஏற்கெனவே அடிபட்டவரிடம்தான் இருக்கும்.

படித்தவர்களுக்கும் பெரிய அமைப்புகளுக்கும் இதே கதிதான். இங்கிலாந்தின் பொது சுகாதார அமைப்பு 2020 செப்டம்பர் கடைசியில் 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரத்தை ஒரு வாரம் தவறவிட்டது. பழைய எக்செல் வடிவத்தில் 65,536 வரிக்கு மேல் இடம் இல்லாததுதான் காரணம். அதே 2020இல் மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் சர்வதேசக் குழு, எக்செல் தேதியாக மாற்றிவிடுகிறது என்பதற்காகச் சில மரபணுக்களின் பெயரையே மாற்றியதாக அறிவித்தது. விஞ்ஞானிகளே பெயரை மாற்றிக்கொள்ளும் அளவுக்கு இந்தச் சின்னச் சின்னச் சிக்கல்கள் பிடிவாதமானவை. சம்பளப் பிரிவில் மூன்று பேர் எங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

சரி, இந்த உத்தரவு ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசிங் பிரிவுத் தம்பி ஒருவன் ஒரு ஃபார்முலா வேலை செய்யவில்லை என்று கேட்கப்போய், நம்மிடம் சரக்கு வாங்கும் பையரின் ரேட் பட்டியலை அப்படியே பொதுவெளியில் ஒட்டிவிட்டான். கேள்வி பதிந்த ஒரு மணி நேரத்துக்குள், அங்கே பதில் சொல்லும் ஒருவர்தான் "இதில் உண்மையான விலை இருப்பது போலத் தெரிகிறது, உடனே எடு" என்று அவனை எச்சரித்தார். அவனும் எடுத்துவிட்டான். ஆனாலும் அது தவறுதான், பெரிய தவறு. உங்கள் கோபம் நியாயமானது. நம் இருவருக்கும் இதில் கருத்து வேறுபாடு இல்லை.

எனக்கு உறுத்துவது வேறு. அந்தத் தம்பிக்குக் கேள்வி கேட்கத் தெரியவில்லை. கேள்வி கேட்பது ஒரு வேலை, அதை யாரோ ஒருவர் கற்றுக்கொடுக்க வேண்டும். எனக்கும் தொடக்கத்தில் தெரியாது. என் முதல் கேள்வியில் அறுபது வரி ஸ்கிரிப்டை ஒட்டி "ஓடவில்லை, உதவுங்கள்" என்று எழுதினேன். பத்து நிமிடத்தில், யாரும் பதில் எழுத முடியாதபடி கேள்வியை மூடிவிட்டார்கள். அன்று அழுதேன் என்றே சொல்லலாம். ஆனால் மூடியவர் ஒரு வழியும் எழுதியிருந்தார்: பிரச்சினை வருகிற ஐந்து வரியை மட்டும் பிரித்தெடு. உன் ஃபைலைக் கொடுக்காதே, நாலு வரிப் பொய் விவரம் நீயே எழுது. அதை வைத்து ஓட்டினாலும் அதே தப்பு வருகிறதா பார். என்ன வர வேண்டும், என்ன வந்தது, இரண்டையும் சொல். படிக்கிறவர் நகல் எடுத்து அப்படியே ஓட்டிப் பார்க்க முடிய வேண்டும்.

அன்றிலிருந்து இதுவரை இப்படித்தான் செய்கிறேன். ஸ்கிரிப்டைக் குறைத்துக்கொண்டே வருவேன். கோமதியும் வெள்ளியங்கிரியும் போய் அ, ஆ என்று ஆவார்கள். 12,452 ரூபாய் 50 பைசா வெறும் 2.5 ஆகிவிடும். குறைத்துக்கொண்டே வரும்போது பாதி நேரம் விடை எனக்கே தெரிந்துவிடும், கேள்வியை அனுப்ப வேண்டிய அவசியமே இருக்காது. அனுப்பினாலும் அதில் கம்பெனியின் ரகசியம் என்று எதுவும் மிஞ்சியிருக்காது. நன்றாகக் கேட்கிற முறையும் ரகசியத்தைக் காக்கிற முறையும் ஒன்றேதான், ஐயா. இந்த மூன்று வருடத்தில் நான் கேட்ட கேள்விகள் 26. அத்தனையும் இன்னும் பொதுவில் இருக்கின்றன. உங்கள் கணினிப் பிரிவு ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கட்டும். ஒரு பெயர், ஒரு விலை, ஒரு கணக்கு எண் இருந்தால் நான் எந்த நடவடிக்கைக்கும் தயார்.

தடை போட்ட பிறகு ரகசியம் பத்திரமாகிவிட்டதா? நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். யாரையும் காட்டிக்கொடுக்கும் எண்ணம் இல்லை, அதனால் பிரிவைச் சொல்லவில்லை. ஸ்கிரிப்ட் நின்றுவிட்டது, மதியத்துக்குள் அறிக்கை போக வேண்டும். அந்த ஊழியர் தன் போனை எடுத்துத் திரையை முழுசாகப் போட்டோ பிடித்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் மாமா பையனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அந்தப் போட்டோவில் பையர் பெயர் இருந்தது, ஆர்டர் எண் இருந்தது, விலையும் இருந்தது. நாலு வரிப் பொய் விவரம் எழுத அவருக்கு நேரமும் இல்லை, அப்படி ஒரு முறை இருப்பதாக யாரும் சொல்லித்தரவும் இல்லை. இது ஒருமுறை நடந்தது இல்லை. தடை வந்ததிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது பார்க்கிறேன். முன்னால் பொதுவில் கேட்டபோது என்ன வெளியே போகிறது என்று உங்களால் பார்க்க முடிந்தது. இப்போது யாராலும் முடியாது.

டிக்கெட் போடச் சொன்னீர்கள். 2ஆம் தேதி காலை போட்டேன். 11ஆம் தேதி பதில் வந்தது, "இது எங்கள் வேலைக்குள் வராது" என்று. கணினிப் பிரிவுக்காரர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. நாலு பேர் 200 கணினிகளையும் பிரிண்டர்களையும் சி.சி.டி.வி.யையும் பார்த்துக்கொள்கிறார்கள். தமிழ் எழுத்துகளை யூனிகோடு எப்படி வைக்கிறது என்று அவர்களிடம் கேட்பது அவர்களுக்கும் சிரமம். 7ஆம் தேதி சம்பளம் மட்டும் காத்திருக்காது.

அடுத்தது ஏஐ செயலி. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன், தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் இரண்டாவது யூனிட்டில் என்ன நடந்தது என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு என் ஸ்கிரிப்ட்களைக் கொடுத்திருந்தேன். ஔகாரப் பெயர் பொருந்தாத சிக்கல் அவளுக்கும் வந்தது. என் ஸ்கிரிப்டில் "முதலில் இந்த விளக்கத்தைப் படி" என்று முகவரி போட்டிருந்தேன். அவள் அழுத்தியிருக்கிறாள், தடைப் பக்கம் வந்திருக்கிறது. நான் அன்று விடுப்பு. செயலியைக் கேட்டிருக்கிறாள். கொம்பும் ளவும் சேர்ந்த இடத்தையெல்லாம் ஔகாரமாக மாற்று என்று ஒரு வரி கொடுத்திருக்கிறது, இது எல்லாத் தமிழ்ப் பெயருக்கும் சரியாக வரும் என்ற உறுதியோடு. கௌசல்யாக்கள் பொருந்திவிட்டார்கள். அவளும் நிம்மதியாக அச்சுக்கு அனுப்பிவிட்டாள். அந்த மாதம் இரண்டு யூனிட்டுக்கும் ரசீது அங்கேதான் அடித்தார்கள். 11 வெள்ளியங்கிரிகளின் ரசீதிலும் பெயர் உடைந்து, நடுவே புள்ளி வைத்த வட்டம் ஒன்று அந்தரத்தில் நிற்கிறது.

அந்த ரசீது ஒன்று இப்போது என் மேசையில் இருக்கிறது. அயர்னிங் பிரிவில் 19 வருடமாக வேலை பார்க்கும் பெரியவருடையது. வங்கியில் கடனுக்கு மூன்று மாத ரசீது கேட்டிருக்கிறார்கள். பெயர் சரியில்லை என்று இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

செயலி சொன்னதையே குழுவில் ஒருவர் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அதற்குக் கீழேயே "வெள்ளிக்கு என்ன செய்வாய்?" என்று இன்னொருவர் எழுதியிருப்பார். பதிலைவிட அந்தக் கீழ்வரிதான் எங்களுக்கு முக்கியம். தவறைச் சுட்ட அங்கே ஆள் இருக்கிறது. செயலியோடு பேசும்போது அந்தப் பெண்ணைத் தவிர யாருமே இல்லை, அவளோ வேலைக்கு வந்து ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. இந்த மாதிரிச் செயலிகள் நிரல் கற்றுக்கொண்டதில் ஒரு பங்கு, இப்படிப் பொதுவெளியில் மனிதர்கள் கேட்டும் சொல்லியும் வைத்ததிலிருந்து வந்ததுதான். தமிழில் அப்படிப் பேசி வைத்தது இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது. இந்த வெள்ளியங்கிரிச் சிக்கலை நான் திருத்தி எழுதி வெளியே வைத்தால், அடுத்த ஊரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்திலோ பள்ளியிலோ பட்டியல் போடுகிறவருக்கு உதவும். இன்றைய உத்தரவுப்படி அதுவும் குற்றம்.

சுற்றறிக்கையில் உரிமச் சிக்கல் என்று ஒரு வரி இருந்தது. அது சரியான கவலை. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ போன்ற கேள்வி-பதில் தளங்களில் எழுதுவதெல்லாம் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகிறது. எடுத்தால் எழுதியவரைக் குறிப்பிட வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். நான் எடுத்த ஒவ்வொரு வரிக்கும் யாரிடமிருந்து, எங்கிருந்து என்று எழுதி வைத்திருக்கிறேன். வக்கீலிடம் காட்டுங்கள், அவர் மாற்றச் சொல்வதை மாற்றுகிறேன்.

இனி என் கோரிக்கைகள்.

படிப்பதற்கான தடையை அடுத்த மாதம் 1ஆம் தேதிக்கு முன் நீக்குங்கள். ஏற்கெனவே பொதுவில் இருக்கும் பதிலைப் படிப்பதால் கம்பெனியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. இதற்குக் கூட்டம் போட வேண்டியதில்லை, ஆலோசகர் தேவையில்லை. இதை மற்றவற்றோடு சேர்த்துத் தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி கேட்பதற்குத் தடையை எடுத்துவிட்டு விதி வையுங்கள். கம்பெனி ஃபைலிலிருந்து எதையும் ஒட்டக் கூடாது. விவரமெல்லாம் கையால் எழுதிய பொய் விவரமாக இருக்க வேண்டும். அனுப்புவதற்கு முன் பக்கத்து மேசைக்காரர் ஒருவர் படித்துப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். இது அரைப் பக்கத்துக்கு மேல் போகாது, வரைவு என்னிடம் இருக்கிறது. அதோடு ஒரு சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் கொடுங்கள். ஸ்கிரிப்ட் தொடுகிற எல்லாருக்கும், எப்படிக் குறைத்துக் கேட்பது என்று நானே உட்கார்ந்து சொல்லித்தருகிறேன். கணினிப் பிரிவுக்காரர் ஒருவரும் கூட இருக்கட்டும்.

நாங்கள் கண்டுபிடித்ததை, கம்பெனி விவரம் எதுவும் இல்லாமல், மற்றவர்களுக்குப் பதிலாக எழுதவும் அனுமதி வேண்டும். மூன்று வருடம் வாங்கிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

ஏஐ செயலி கொடுத்த எந்த வரியும், இன்னொருவர் படித்து, முந்தைய மாத விவரத்தில் ஓட்டிப் பார்த்து, வித்தியாசம் வந்த பெயர்களையெல்லாம் கண்ணால் பார்த்த பிறகுதான் சம்பளத்தைத் தொட வேண்டும் என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். இதே விதி என் ஸ்கிரிப்டுக்கும் இருக்கட்டும். மாதம் 1 முதல் 7 வரை சம்பளப் பிரிவு போடும் டிக்கெட்டுக்கு அன்றே ஒரு பதில் வர வேண்டும். முடியாது என்பதாக இருந்தாலும் அன்றே தெரிந்தால் போதும்.

மெர்ச்சண்டைசிங் தம்பிக்கும் இரண்டாவது யூனிட் பெண்ணுக்கும் கொடுத்த விளக்கக் குறிப்பாணையைத் திரும்பப் பெறுங்கள். அவன் எச்சரிக்கை வந்ததும் எடுத்துவிட்டான். அவள் நீங்கள் கேட்கச் சொன்ன இடத்தில்தான் கேட்டாள். இருவருக்கும் சம்பள உயர்வு நிற்கிறது என்று கேள்விப்படுகிறேன். அந்த இருவரையும் அந்தச் சனிக்கிழமை வகுப்பில் முதல் வரிசையில் உட்கார வையுங்கள்.

கடைசியாக, வெள்ளியங்கிரி என்ற பெயருள்ள 11 பேருக்கும் திருத்திய ரசீது. ஸ்கிரிப்டைச் சரிசெய்து, 640 பெயரையும் பழைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன். பி.டி.எஃப். தயாராக இருக்கிறது. மறு அச்சுக்கு உங்கள் கையெழுத்து வேண்டும். வங்கி அந்தப் பெரியவருக்குத் திங்கட்கிழமை வரைதான் நேரம் கொடுத்திருக்கிறது.

இப்படிக்கு,
சம்பளப் பிரிவு ஊழியர்,
திருப்பூர்